தீட்டு வண்டிக்கு ஒரு குதிரை

முற்றத்தில் குதிரை படுத்துக் கிடந்தது. அதன் வயிற்றைச் சுற்றி என்னுடைய பழைய நீலச் சேலை இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. கட்டியவள் நான்தான்.

காலை பத்து மணி வெயில். குதிரை தலையைத் தூக்கித் தன் வயிற்றைத் திரும்பிப் பார்க்கும். முனகும். முன்னங்காலால் மண்ணைப் பறிக்கும். எழுந்து இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி தொப்பென்று விழும். கழுத்தெல்லாம் வேர்வை. அடுப்பில் கொள்ளு வேகிற வாசனை முற்றம் முழுக்கப் பரவியிருந்தது.

ஆற்றங்கரையிலிருந்து புல்லுக்கட்டோடு வந்த என் தங்கை ரத்தினம், கட்டைத் தலையிலிருந்து இறக்காமலே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, உனக்க மாப்பிள்ளை சாவப் போறான்" என்றாள்.

குதிரைக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தவள் அவள்தான். வேலை எதுவும் செய்யாமல், வேளாவேளைக்குத் தின்றுவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவது என்பது அவள் கட்சி.

பிள்ளைப்பேறு பார்க்கிற ஒருத்தி குதிரைக்கு எதற்கு வயிறு கட்டினாள் என்று கேட்பீர்கள். அவளுக்குக் குதிரை எதற்கு என்றும் கேட்பீர்கள். இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போகும்போது வண்டி, வரும்போது கால்

என் ஆஸ்பத்திரிப் பயிற்சியைப் பற்றிப் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். சாதியைச் சொல்லாமலே எழுதலாமே, படிக்கச் சங்கடமாக இருக்கிறது என்கிறார். சங்கடப்படட்டும். நான் பட்டது அதைவிடக் கொஞ்சம் கூடுதல்.

எங்கள் ஆட்களில் ஆண்கள் சவரம் செய்வார்கள், பெண்கள் பேறு பார்ப்பார்கள். திருவனந்தபுரத்தில் கோட்டைக்கு உள்ளேயும் வெளியேயும் எத்தனையோ பெரிய மனிதர்கள் இந்த உலகத்துக்கு வந்தபோது முதலில் தொட்டது எங்கள் கையைத்தான். அதற்குப் பிறகு அந்தக் கை தீட்டாகிவிடும்.

யார் வீட்டிலாவது வலி கண்டால் பழவங்காடி ஸ்டாண்டிலிருந்து குதிரை வண்டி பிடித்து அனுப்புவார்கள். கரமனையில் என் வீட்டு வாசலில் வந்து நிற்கும். ராணி மாதிரி ஏறிப் போவேன். பிள்ளை பிறந்து, எல்லாம் கழுவித் துடைத்து முடிந்த பிறகு எந்த வண்டிக்காரனும் என்னை ஏற்ற மாட்டான். பேறு பார்த்த கை பட்ட வண்டியில் அடுத்த சவாரி ஏறாது என்பது ஸ்டாண்டின் சட்டம். பின்பக்கச் சந்து வழியாக, நனைந்த சேலையோடு, மழையானாலும் வெயிலானாலும் நடந்தே வீடு வர வேண்டும்.

இந்தச் சட்டத்துக்குக் காவல்காரர் பெருமாள் அண்ணாச்சி. நாஞ்சில் நாட்டுக்காரர். சொந்தமாக மூன்று வண்டி வைத்திருந்தார். அவர் சொன்னால் ஸ்டாண்டே கேட்கும்.

ஒரு நாள் பகலில் இரண்டு வீட்டில் வலி. முதல் வீட்டில் பிள்ளையை எடுத்துவிட்டு ஸ்டாண்டுக்கு ஓடினேன். கணபதி கோயில் வாசலில் சிதறிய தேங்காய்ச் சில்லைத் தின்றுகொண்டு நாலைந்து குதிரைகள் சும்மா நின்றன. அண்ணாச்சியிடம் கெஞ்சினேன். ஆமாம், கெஞ்சினேன்.

"உனக்குப் பாவம் பாத்தா எனக்க குதிரைக்கு யாரு புல்லு போடுவா? நீ நடந்து போ பாக்கியம், வெறுதே நின்னு நேரத்தக் களையாத" என்றார்.

நடந்தேன், ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது பிள்ளை பிறந்து, தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றி, நீலமாகக் கிடந்தது. கொஞ்சம் முன்னால் போயிருந்தால் இரண்டு விரலில் கழற்றிவிட்டிருப்பேன். பெற்றவள் என்னைத் திட்டவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இனி எவன் வண்டிக்காகவும் நிற்பதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன். எனக்கென்று ஒரு வண்டி, எனக்கென்று ஒரு குதிரை. ஓட்டப்போகிறவளும் நானே.

பல்லைப் பிடித்துப் பார்த்தேன்

அந்தத் தை மாதம் குன்றின் மேல் ஒரு பெரிய தறவாட்டு வீட்டில் பேறு. நாலு பெண்ணுக்குப் பிறகு ஆண் பிள்ளை. குடும்பத் தலைவரான காரணவர் மகிழ்ச்சியில், "எந்து வேணம் பாக்கியம்? சோதிச்சோ" என்றார், வேண்டியதைக் கேள் என்று. வழக்கம் ஒரு சேலையும் ஒரு பறை நெல்லும். நான் லாயத்தைக் காட்டினேன்.

அந்த வீட்டுக்குப் புதிதாக மோட்டார் கார் வந்திருந்தது. குதிரைகளை ஒவ்வொன்றாக விற்றுவிட்டார்கள். ஒன்று மட்டும் யாரும் வாங்காமல் நின்றது. தாய் செத்த குட்டி, செவலை, ஆண். காரணவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "அது நாளை சாகும். கொண்டுபொய்க்கோ" என்றார்.

தானத்துக்கு வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் பார்த்தேன். எனக்கு அது தானமில்லை, கூலி. பால்பல் இன்னும் முழுதாக விழவில்லை.

கரமனைக்கு அதை நடத்திக்கொண்டு வருவதற்குள் ஏழு இடத்தில் நின்றது. விலா எலும்புகளைத் தெருவில் போகிறவர்கள் எண்ணிவிடலாம். இடுப்பு எலும்பில் பையை மாட்டலாம். கழுத்து மேல்பக்கம் குழி விழுந்து, முதுகெலும்பு ஓட்டுக்கூரை முகடு போல் துருத்தி நின்றது. இத்தனைக்கும் வயிறு மட்டும் பானை.

பழவங்காடியைக் கடக்கும்போது பெருமாள் அண்ணாச்சி எழுந்தே நின்றுவிட்டார்.

"எட்டி பாக்கியம், இது குதிரையா, துணி காயப்போடுத கொடியா?"

"காயப்போட உங்க வேட்டியக் கொண்டாங்க அண்ணாச்சி" என்றேன். ஸ்டாண்டு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

பத்தியம்

இப்போது அந்த நீலச் சேலைக்கு வருகிறேன்.

எனக்குக் குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஒட்டி உலர்ந்த உடம்பையும் தள்ளிய வயிற்றையும் பற்றி என்னைவிடத் தெரிந்தவர் யார்? பிள்ளை பெற்றவள் அப்படித்தானே இருப்பாள்! அவளைத் தேற்றுவது என் தொழில். சுக்கு, பூண்டு, கருப்பட்டி போட்டு லேகியம். நன்றாக வறண்ட சாப்பாடு. வயிறு தொங்கிவிடாமல் இருக்கப் பழைய சேலையால் இறுக்கிக் கட்டு. முக்கியமாக, தண்ணீர் கிடையாது. தண்ணீர் குடித்தால் வயிறு ஊதும் என்பது எங்கள் வேதம். நாக்கு நனைய ஒரு சங்கு, அவ்வளவுதான்.

இதையெல்லாம் வரிசையாகக் குதிரைக்குச் செய்தேன். லேகியம் உருட்டிக் கொடுத்தேன். முதல் நாளே கொள்ளும் வைக்கோலும் வயிறு கொள்ளுமட்டும் போட்டேன். வயிற்றைக் கட்டினேன். தண்ணீர் ஒரு நாளைக்கு ஒரு செம்பு. அது செம்பை நக்கிவிட்டு என் கையை நக்கும். பாசம் என்று நினைத்துக்கொண்டேன். சிரிக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் பரீட்சை எழுதி முதலாவதாகத் தேறியவள் நான்.

நாலாம் நாள் காலையில்தான் மாப்பிள்ளை விழுந்தது.

ரத்தினம் சொன்னது

வயிற்றில் காது வைத்துக் கேட்டேன். நிறைசூலியின் வயிற்றில் கேட்டுப் பழகிய காது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. உயிருள்ள வயிறு சும்மா இருக்காது. கட்டை அவிழ்த்து எறிந்தேன். என்ன செய்வது என்று தெரியவில்லை.

அப்போது குதிரை தட்டுத்தடுமாறி எழுந்தது. கயிற்றை இழுத்துக்கொண்டு அடுக்களை வாசலுக்குப் போய், அரிசி கழுவி ஊற்றி வைத்திருந்த கழுநீர்த் தொட்டியில் முகத்தை அப்படியே முக்கியது. நான் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்தேன்.

ரத்தினம் என் கையைத் தட்டிவிட்டாள்.

"விடு அக்கா. அதுக்கு தாகம்லா."

"வயிறு ஊதிரும்டி."

"எனக்கும் இப்பிடித்தான் சொன்ன." அவள் என்னைப் பார்க்கவில்லை, குதிரையைத்தான் பார்த்தாள். "ஏழு நாளு. ஒரு சங்கு தண்ணி. நாக்கு மேல ஒட்டிக்கிட்டு. நீ அங்கோட்டு போனதும் பிள்ளைக்கு நனைச்சு வச்ச துணியப் பிழிஞ்சு குடிச்சேன் நான். பாலும் வரல்ல. பிள்ளையும் தங்கல்ல. உனக்குத் தெரியாது."

தெரியாதுதான். அவள் பிள்ளை பத்தாம் நாள் போயிற்று. விதி என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். அவளுடைய பேற்றைப் பார்த்தவளும் பத்தியம் காத்தவளும் நானேதான்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எத்தனை வீடு, எத்தனை பெண்கள், எத்தனை பேர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் தண்ணீர் கேட்டிருக்கிறார்கள்! ஆஸ்பத்திரியில் கொடுக்கச் சொல்லித்தான் கற்றுக்கொடுத்தார்கள். வெளியே வந்ததும் மாமியார்களுக்குப் பயந்து பழையபடியே நடந்தேன். ஸ்டாண்டின் சட்டத்தைப் பார்த்து எனக்கு அவ்வளவு கோபம் வந்ததே, என் சட்டம் மட்டும் என்ன வாழ்ந்தது? வெட்கமாக இருந்தது. இன்றும் இருக்கிறது.

அழுதுகொண்டு உட்கார நேரமில்லை. உப்புப் போட்டு வெதுவெதுப்பாகத் தண்ணீர் வைத்தோம். கொஞ்சம் கொஞ்சமாக, வேண்டும் வேண்டும் என்று குடித்தது. விளக்கெண்ணெயை மூங்கில் குழாயில் ஊற்றிக் கடைவாயில் புகட்டினேன். பிறகு படுக்கவிடாமல் ரோட்டில் நடத்தினோம், நானும் ரத்தினமும் மாற்றி மாற்றி. மாலை நாலு மணிக்கு ஆற்றுப் பாலத்தின் பக்கத்தில், ஊரே பார்க்க, மாப்பிள்ளை சாணம் போட்டது. அக்காளும் தங்கையும் குதிரைச் சாணத்தைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்ததைக் கரமனை அன்றைக்குத்தான் கண்டது.

ஓணம் வரை

ஊரே பார்த்தால் ஸ்டாண்டு பார்க்காதா? சாகப்போகிற குதிரையை ஒருத்தி ரோட்டில் இழுத்து வதைக்கிறாள் என்று பெருமாள் அண்ணாச்சி சர்க்காருக்கு மனு போட்டுவிட்டார். மூன்றாம் நாள் மிருக டாக்டர் வந்தார். கோட்டைக்குள் அக்கிரகாரத்துக்காரர். காதில் கடுக்கன், காலில் பூட்ஸ்.

குதிரையைச் சுற்றி வந்தார். வாயைத் திறந்து பார்த்தார். கண் இமையை மடக்கிப் பார்த்தார்.

"மூணு வயசுகூட முடியலே. எலும்பே முத்தலே. இதை வண்டியிலே கட்டவா போறே?"

"இப்ப இல்ல, தேறினதுக்கு அப்புறம்."

"தேறுமா? வயித்திலே பூச்சி. அதான் உடம்பு வத்தி வயிறு மட்டும் பானையா இருக்கு. பொடி தரேன், கொடு. ஓணம் வரைக்கும் பார்ப்பேன். அப்பவும் இப்படியே நின்னா வச்சு வதைக்கப்படாது, சுட்டுட வேண்டியதுதான்."

"சுடுததுக்கு ஆள் அனுப்பாதீங்க. நீங்களே வாங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து என் வேதத்தை மூட்டை கட்டி வைத்தேன். முதலில் தண்ணீர், பிறகுதான் தீனி. பொடி வேலை செய்து பூச்சி விழுந்ததும் வயிறு தானே சுருங்கியது, எந்தச் சேலையும் வேண்டியிருக்கவில்லை. முதல் மாதம் முழுக்கப் புல்தான். ஆற்றோரத்து அறுகம்புல்லை ரத்தினம் வேரோடு பறித்து, மண் போக அலசிக் கொண்டுவருவாள். பிறகு வேகவைத்த கொள்ளு, முதலில் ஒரு கைப்பிடி. ஒரு வாரம் பொறுத்து இரண்டு. தவிடு, கொஞ்சம் தேங்காய்ப் புண்ணாக்கு, நக்குவதற்கு ஒரு கட்டி உப்பு. எதையும் ஒரே வேளையில் கொட்டாமல் நாலு வேளையாகப் பிரித்துக் கொடுத்தோம். இளம் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வாங்கும்.

தின்றதெல்லாம் சதையாகிவிடாது, கொழுப்பாகத் தொங்கும். பெரிய வீட்டுப் பெண்களிடம் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் நடத்தினேன். சுமையும் வண்டியும் இல்லாமல், வெறும் கயிற்றில். ஆற்று மணலில் கால் புதையப் புதையக் கொஞ்ச தூரம். வலு வந்த பிறகு தைக்காட்டு மேட்டு ரோட்டின் ஏற்றம். ஏறும்போது குதிரை தலையைத் தாழ்த்திப் பின்னங்காலை உந்தும், அப்போதுதான் முதுகிலும் தொடையிலும் சதை பிடிக்கும். நாலு நாள் ஏறினால் ஒரு நாள் ஓய்வு. திரும்பி வந்ததும் வைக்கோலைச் சுருட்டி உடம்பு சூடேறத் தேய்ப்பேன்.

என் தொழிலே தோலின் மேல் கை வைத்து உள்ளே இருப்பதைச் சொல்வதுதான். தினமும் கண்ணை மூடிக்கொண்டு முதுகெலும்பின் இரண்டு பக்கமும் தடவிப் பார்ப்பேன். பங்குனியில் இரண்டு பக்கமும் பள்ளம். வைகாசியில், இடவத்து மழையில் புல் தழைத்தபோது பள்ளம் நிரம்பியது. ஆடிக் கர்க்கடகத்தில் ஒரு நாள் விரலை அழுத்தினேன், கீழேயிருந்து அது என் விரலைத் திரும்ப அழுத்தியது. "ரத்தினம், இங்க வாடி" என்று கத்தினேன். அவள் கையையும் பிடித்து அங்கே வைத்தேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.

நடுவில் பேறுகளுக்கும் போய்க்கொண்டிருந்தேன், அதே நடைதான். ஆனால் பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். எந்த மாமியார் கத்தினாலும் கொடுத்தேன். இரண்டு வீட்டில் இனி வராதே என்றார்கள். போகவில்லை.

தைக்காட்டு ஏற்றம்

ஓணத்துக்கு முந்திய வாரம் டாக்டர் சொன்னபடி வந்தார். அதற்குள் எங்கள் தெரு ஆசாரி, மூன்று பிள்ளைக்கு என்னிடம் கடமைப்பட்டவர், ஒரு பழைய வண்டிக்குப் புது ஆரக்கால் போட்டுக் கொடுத்திருந்தார். தைக்காட்டு ஏற்றத்தின் அடியில் வைத்துப் பரிசோதனை. ஸ்டாண்டு மொத்தமும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டது.

"விலா இன்னும் தெரியுது சாரே" என்றார் பெருமாள் அண்ணாச்சி.

"கண்ணால பாக்காதீங்க டாக்டர் ஐயா, கைய வச்சுப் பாருங்க" என்றேன்.

டாக்டர் வைத்தார். விலாவில், முதுகில், பின்தொடையில் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். "கண்ணுக்குத் தெரியலே, தடவினா அகப்படறது. இப்படித்தான் இருக்கணும்" என்றார். பிறகு இரண்டு சாக்கு ஆற்று மணலை ஏற்றி ஓட்டச் சொன்னார்.

நான் வண்டியில் ஏறிக் கடிவாள வாரைப் பிடித்தேன். கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். மாப்பிள்ளை காதை ஒரு முறை பின்னால் மடித்தது. பிறகு தலையைத் தாழ்த்தியது, தினமும் ஏறுகிறதைப் போலவே. பாதி ஏற்றத்தில் சக்கரம் ஒரு கல்லில் முட்டி நின்றது. சாட்டை என்னிடம் இல்லை, ஒரு நாளும் வைத்துக்கொண்டதில்லை. "ஏறுடா" என்றேன். பின்தொடைச் சதை இரண்டும் கயிறு மாதிரி முறுக்கின. கல்லைத் தாண்டி ஏறிவிட்டது.

திரும்பி வந்ததும் டாக்டர் நோட்டை எடுத்தார். அண்ணாச்சி முன்னால் வந்து நின்றார்.

"குதிரை செரி சாரே. ஓட்டுதது பொம்பளையில்லா? லைசென்ஸ் இல்லாம ஓட்டப் பத்துமா?"

"சொந்த உபயோகத்துக்கு லைசென்ஸ் வேண்டாம். வாடகைக்கு ஆள் ஏத்தினாத்தான் வேணும்."

"நாளைக்கு ஏத்துவா சாரே! எங்க பொழப்பில மண்ணு விழும்."

நான் வண்டியிலிருந்து இறங்கவில்லை. அங்கிருந்தே கேட்டேன். "எனக்க வண்டியில யாரு அண்ணாச்சி ஏறுவா? நீங்க ஏறுவியளா?"

"நானா? பேறு பாத்த கையி பட்ட வண்டியிலயா? எனக்குத் தலையெழுத்தா?"

"மத்தவங்க?"

"ஒருத்தனும் ஏற மாட்டான். இந்த ஊருல மானமுள்ளவன் ஒருத்தனும் தீட்டு வண்டியில காலு வைக்க மாட்டான்!" ஸ்டாண்டுக்காரர்கள் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள்.

"கேட்டுக்கிட்டீங்களா டாக்டர் ஐயா?" என்றேன்.

அவர் மீசைக்குள் சிரித்தார். "இத்தனை பேர் சாட்சி சொல்றாளே. யாருமே ஏற மாட்டான்னா அது எப்படி வாடகை வண்டி ஆகும்?" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள்.

படியில் வைத்த கால்

அதற்குப் பிறகு எந்தப் பேற்றுக்கும் நான் பிந்திப் போகவில்லை. வரும்போது பின்பக்கச் சந்தில் வண்டி நுழையாது, அதனால் முன்தெருவிலேயே வந்தேன். நனைந்த சேலையோடு, நிமிர்ந்து உட்கார்ந்து வந்தேன். ஜன்னல்கள் சாத்திக்கொண்டன. சில ஜன்னல்களில் பெண்கள் நின்று பார்த்தார்கள்.

ஐப்பசியில் ஒரு காலை. பெருமாள் அண்ணாச்சி மூச்சு வாங்க என் வாசலில் வந்து நின்றார். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த அவர் மகளுக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. ரயில் நேரம், அவருடைய மூன்றும் உட்பட ஸ்டாண்டில் ஒரு வண்டி இல்லை. ஓடியே வந்திருக்கிறார். வீடு சாலைக்கடைத் தெரு தாண்டி.

"பாக்கியம், சீக்கிரம் வா மக்களே" என்றார். அதுவரை என்னை அவர் பெற்ற பெண்ணைப் போல மக்களே என்று கூப்பிட்டதில்லை.

பையை எடுத்தேன். ரத்தினம் அதற்குள் குதிரையைப் பூட்டியிருந்தாள். நான் ஏறி உட்கார்ந்தேன். அண்ணாச்சி வண்டியின் பின்படியில் காலை வைத்தார்.

நான் திரும்பி அந்தக் காலைப் பார்த்தேன். சொல்ல வேண்டியதை எல்லாம் அவரே தைக்காட்டில் சொல்லிவிட்டார், டாக்டரின் நோட்டில் ஏறியிருக்கிறது. அவர் என் முகத்தைப் பார்த்தார். காலை எடுத்துக்கொண்டார்.

கரமனையிலிருந்து சாலைக்கடை தாண்டுகிற வரைக்கும் வண்டிக்குப் பக்கத்திலேயே ஓடி வந்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. கடைக்காரர்கள் எல்லாம் வெளியே வந்து பார்த்தார்கள். மகள் நல்லபடியாகப் பெற்றாள், பெண் பிள்ளை. கொடி கழுத்தைச் சுற்றித்தான் இருந்தது. நேரத்துக்குப் போனதால் இரண்டு விரலில் கழற்றினேன்.

வழியில் கொஞ்சம் மெதுவாக ஓட்டியிருக்கலாமே என்று ரத்தினம் பிறகு கேட்டாள். பிள்ளைக்காகத்தான் விரட்டினேன் என்றேன். பாதி உண்மை.